நாய்க் கணக்கு

பொத்துவிலில் நாங்கள் நால்வர்.
கோமாரி தாண்டும்போது ஐவர்.
ஐந்தாமவர் பெயர் சொல்லவில்லை.
காது முழுக்க உண்ணி, பாதி வால்,
வீதியோரத்து வெள்ளைக் கோட்டில்
தனக்கும் பட்டினத்தில் ஒரு வேலை இருப்பதுபோல் நடந்தார்.

கல்லெடுத்தால் போயிடும் என்றான் சதுர்ஜன்.
எடுத்தான். எறியவில்லை.
திருக்கோவில் வரைக்கும் அது அவன் கைக்குள்ளேயே கிடந்து
சூடாகியது.

படுவான்கரைக்கு ஒரு வான் வேண்டும்.
கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் கழுவப் போகிறவர்கள்
மூன்று பஸ் மாறாமல் போக.
பழையதென்றாலும் சரி, ஏசி இல்லாவிட்டாலும் சரி,
ஏறும் படி மட்டும் பதிவாக இருக்கவேண்டும்.
அதற்காகத்தான் பிஸ்கட் தகரத்தில் துளையிட்டுக்
கழுத்தில் கொழுவிக்கொண்டு
வடக்கே நடந்தோம்.
கச்சான் காற்று இடது கன்னத்தை மட்டும் கறுப்பாக்கியது.

பவளராணி ரீச்சர் கணக்கியல் படிப்பிக்கிறவ.
பத்து ரூபாவுக்கும் ரசீது எழுதுவா.
தம்பிலுவில்லில் ஒரு சின்னப்பிள்ளை
கச்சான் கொட்டை நாலு போட்டது தகரத்துக்குள்;
அதற்கும் எழுதினா.

நிந்தவூரில் அரிசி ஆலை உவைஸ் காக்கா
ஆளுக்குக் கிலோமீட்டருக்கு ஐம்பது ரூபா என்றார்.
பிறகு கீழே பார்த்தார்.
சாரனை ஒதுக்கிக்கொண்டு நாலடி தள்ளி நின்று
ஐஸ்கிரீம் பெட்டியொன்றில் தண்ணீர் ஊற்றி
தடியால் மெல்லத் தள்ளிவிட்டார்.
“இவரும் நடக்கிறார்தானே, இவரையும் சேத்துப் போடுங்க.
பெட்டிய வெச்சிட்டுப் போயிராதீங்க,
இனி அது அவர்ர.”

அன்றிலிருந்து சண்டை.
கொக்குக்குப் பின்னால் வயலுக்குள் ஓடி,
வரம்பு வரம்பாய்த் திரும்பி வந்து,
எங்களை முந்தி, நின்று, மணந்து, பின்வாங்கி,
நாங்கள் ஒன்று நடந்தால் அது மூன்று நடக்கிறது.
மூன்று மடங்கு போடவேண்டும் என்றான் சதுர்ஜன்.
“வீதியால் நடந்தது மட்டும்,” என்றா ரீச்சர்,
“அதுவும் கோமாரியிலிருந்து.”

நிரோஜன் கல்முனையில் பஸ் ஏறினான்.
சப்பாத்துப் பிழை.
நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நாய்தான்
பஸ்ஸுக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் போய்ப் பார்த்தது.

கிட்டங்கியில் இருபுறமும் ஆற்றுவாழை பூத்துக் கிடந்தது.
அழகு என்று சொல்ல வாயெடுத்தேன்;
மாரியில் இந்த வீதிக்கு மேலால் தண்ணீர் போகும்போது
இயந்திரத்துக்கு நாள் குறித்தவர்
எந்தக் கரையில் நிற்பார் என்று ஞாபகம் வந்தது.

மண்டூர் வழியில் குணநாயகம் என்றொருவர்
வேலியோரம் கதிரை போட்டுக் காத்திருந்தார்.
இடது கையை நீட்டினார்.
முழங்கைக்குக் கீழே நரம்பு
மண்புழுவாய்த் தடித்துப் புடைத்திருந்தது.
“தொட்டுப் பாருங்க புள்ள, இரையும்.”
தொட்டேன். தூரத்து லொறி மாதிரி இரைந்தது.
நாய் கிட்டப்போய்
தலையை ஒரு பக்கம் சரித்துக்
காது கொடுத்து நின்றது, நெடுநேரம்.
“இந்தச் சத்தத்த இதுவரைக்கும்
டாக்குத்தர்தான் கேட்டவர்,” என்றார் அவர்.
சிரித்தார்.
தகரத்தில் ஐந்நூறு போட்டார்.
அவரிடம் வாங்கலாமா என்று ரீச்சரைப் பார்த்தேன்.
ரீச்சர் ரசீது எழுதிக்கொண்டிருந்தா, குனிந்த தலை நிமிராமல்.

பழுகாமம், கொக்கட்டிச்சோலை, வவுணதீவு.
கொப்புளம் உடைந்து காய்ந்து மறுபடி உடைந்தது.
வலையிறவுப் பாலத்தடியில்
பட்டினத்து வெளிச்சம் வாவியில் நடுங்கத் தொடங்கிய நேரம்
நாய் இருந்துவிட்டது.
பிஸ்கட் காட்டினோம். மாலுபாண் காட்டினோம்.
நாலு காலையும் தாருக்குள் நட்டதுபோல் இருந்தது.
பாலத்தில் என்ன பயமோ,
எப்போது யார் என்ன செய்தார்களோ,
அது எங்களிடம் சொல்லக்கூடிய விஷயமில்லை.

தூக்கினேன்.
நினைத்ததைவிடப் பாரம்.
முகத்தை என் கமக்கட்டுக்குள் புதைத்துக்கொண்டது.
சேறும் மாலுபாணும் மணத்தது.
முழுப் பாலமும் என் காலால் கடந்தது.

பாலம் முடியும் இடத்தில் இறக்கிவிட்டேன்.
உதறியது. முன்னால் ஓடியது.
ரீச்சர் வீதி விளக்கின் கீழே கொப்பியைத் திறந்து,
உவைஸ் காக்காவின் பக்கத்தில்,
நாய் என்ற வரிக்கு நேரே
பேனையால் எழுதினா:

கழிவு: பாலத்தின் நீளம்.
காரணம்: தூக்கிச் செல்லப்பட்டது.